சன்மார்க்கச் சங்கத்தின் சுத்தப் பிரதி

பிரிக்பீல்ட்ஸ் சன்மார்க்கப் பந்தாட்டச் சங்கத்துக்கு மொத்தம் அறுபத்து நான்கு விதிகள். அவற்றில் பந்தைப் பற்றியவை இரண்டு. மற்ற அறுபத்திரண்டும் யாருக்கு எந்த நாற்காலி, மாலை எந்த வரிசையில், தலைவர் பேசும்போது இருமல் வந்தால் எழுந்து போய் இருமுவதா உட்கார்ந்தே இருமுவதா என்பது போன்ற அத்தியாவசியமான விஷயங்களைப் பற்றியவை. தலைவர் கனகசபை பென்சன் வாங்கிய தலைமைக் கிளார்க்கர். அவர் வாழ்நாளில் பந்தை உதைத்ததில்லை. ஒரு தடவை பந்து தானாக உருண்டு அவர் காலடிக்கு வந்தபோது, அது யார் மூலமாக அனுப்பப்பட்டது என்று விசாரித்தார்.

வேலாயுதம் அந்தச் சங்கத்தின் இடது ஓர ஆட்டக்காரன், லெப்ட் அவுட். காப்பார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்தவனைக் கண்டெடுத்துக் கோலாலம்பூருக்குக் கூட்டி வந்தார்கள். காசுக்கு ஆடுவது இழிவு என்பது பதினோராம் விதி. ஆகவே அவனுக்குக் காசு கொடுக்கவில்லை. பொருளாளர் பக்கிரிசாமியின் ஜவுளிக்கடையில் துணி அளக்கிற வேலையும், கடைக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்தார்கள். நாலு வருஷத்தில் வேலாயுதம் ஒரு கெஜம் துணி அளந்ததில்லை. ஒரு நாள் ஆசைக்குக் கெஜக்கோலைத் தொட்டான். “காலு மேல போட்டுக்காதப்பா!” என்று பக்கிரிசாமி ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார். மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது, சாயங்காலம் மூன்று மணிக்குப் படாங்குத் திடலுக்குப் போனால் போதும்.

அவனுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. ஆடத் தெரியும், ஆடினான். ஊர் அவன் பேரைச் சொல்லிக் கத்தியது. வாரத்தில் ஆறு நாள் அவன் சங்கத்தின் ஆள். ஏழாவது நாள் வீரசிங்கத்தின் ஆள்.

வீரசிங்கம் அந்த அணியின் கோல்கீப்பர், சங்கத்தின் காரியதரிசியும் அவன்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அரசாங்க உத்தியோகம், முத்து முத்தான கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் இருவரும் தனித்தனிப் பெட்டியில் ஏறிக் கிள்ளானில் இறங்குவார்கள். ஆற்றங்கரையில் ஒரு சீனர் காப்பிக்கடை, அதன் மாடியில் ஓர் அறை. இரண்டு வருஷமாக இப்படி. மற்ற ஆண்கள் பெண்சாதியிடம் என்ன பிரியம் வைப்பார்களோ, வைக்க வேண்டும் என்று சொல்லப்படுகிறதோ, அத்தனையும் வேலாயுதம் வீரசிங்கத்தின் மேல் வைத்திருந்தான். அதற்குப் பேர் என்ன என்று அவனுக்குத் தெரியாது. வெளியே சொன்னால் பிழைக்க முடியாது என்பது மட்டும் தெரியும். மாடியில் வீரசிங்கம் அவனை “வேலா” என்பான். கீழே இறங்கிவிட்டால் “மிஸ்டர் வேலாயுதம்”.

சங்கடம் 1934-இல், ஒரு பெனால்டியில் ஆரம்பித்தது. கிள்ளான் வெள்ளிக் கோப்பை இறுதியாட்டத்தில் வேலாயுதம் அடித்த பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சங்கம் தோற்றது. ஏன் தோற்றோம் என்று ஆராய ஐந்து பேர் கொண்ட உபகுழு அமைந்தது. அது ஒன்பது முறை கூடி, இருபத்திரண்டு பக்கத்துக்கு அறிக்கை கொடுத்தது. தோல்விக்குக் காரணம், முன்வரிசை ஆட்டக்காரர் ஐவரில் நால்வர் கலியாணமாகாதவர்கள் என்பதே.

கனகசபை எழுந்து நின்று அறிக்கையை ஆதரித்துப் பேசினார்.

“கோல் எண்டால் என்ன? ரண்டு தூண், மேலை ஒரு விட்டம். அது ஒரு வீடு. வீடு வாசல் இல்லாதவனுக்கு வாசல் எந்தப் பக்கம் எண்டு எப்பிடித் தெரியும்? கலியாணம் முடிச்சவன்தான் ஓடுவான். நான் இருபத்தெட்டு வருஷம் ஓடினனான். காலமை ஆறரைக்கு வீட்டை விட்டு ஒப்பீசுக்கு ஓடினால் பொழுதுபட்டுத்தான் திரும்புவன். ஞாயிறிலும் ஓடினனான். ஒப்பீஸ் பூட்டியிருக்கும், எண்டாலும் வாசலிலை போய் நிப்பன். அந்த வேகம் எனக்கு எங்கையிருந்து வந்தது? வீட்டிலை மனிசி இருந்தபடியால்!”

பலத்த கைதட்டல். கலியாணமானவர்கள் கொஞ்சம் கூடுதலாகத் தட்டினார்கள்.

இப்படியாக அறுபத்தைந்தாம் விதி பிறந்தது. அடுத்த பருவம் முதல் இல்லறத்தார் மட்டுமே முதல் அணியில் ஆடலாம். ஆறு மாதம் தவணை. கலியாண உபகுழு ஒன்று அமைக்கப்பட்டு, மூன்று பிரதிகளில் நிரப்பும் படிவம் அச்சாயிற்று. அதில் ஒரு கட்டம் ‘பெண்ணின் பெயர் (தெரிந்தால்)’ என்றிருந்தது. அந்த நாளில் இந்த நாட்டில் நம்மவர்களில் நாலைந்து ஆணுக்கு ஒரு பெண் என்ற கணக்கில்தான் கப்பல் இறக்கியிருந்தது. உபகுழு அதையெல்லாம் பார்க்கவில்லை. ஆப்பேக் ஆட்டக்காரன் சின்னையா, ரவாங்கில் மூன்று பிள்ளைகளோடு இருந்த ஒரு விதவையைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பயிற்சிக்கு வருவதை விட்டுவிட்டான். சங்கம் அவன் இல்லறத்தைப் பாராட்டி ஒரு கடிதமும், ஆட்டத்துக்கு வராததைக் கண்டித்து ஒரு கடிதமும் ஒரே உறையில் அனுப்பியது.

ஒத்திகை பார்ப்பதற்காக, பதினொரு கணவன்மாரையும் சேர்த்து ஜெஞ்சாரோம் அணியோடு ஓர் ஆட்டம் வைத்தார்கள். ஏழுக்குச் சுழி என்று சங்கம் தோற்றது. தலைவர் கலங்கவில்லை. ஜெஞ்சாரோம் அணியில் கோல் போட்டவர்களின் குடும்ப நிலையை விசாரிக்க ஆள் அனுப்பினார். ஏழு கோல்களில் ஐந்து பிரமச்சாரிகளால் போடப்பட்டவை என்பதால் அவை ஒழுக்கத்துக்குப் புறம்பானவை என்று தீர்மானமாயிற்று. மீதியிருந்த இரண்டைத் தோல்வியாக ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மை சங்கத்துக்கு இருந்தது.

வேலாயுதம் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஆட்டம் போனால் கடை வேலை போகும், அறை போகும், பிரிக்பீல்ட்ஸ் போகும். கலியாணம் செய்துகொண்டால் ஞாயிற்றுக்கிழமை போகும். அது ஒன்றைத்தான் அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

“யோசிக்காதை வேலா,” என்றான் வீரசிங்கம், காப்பிக்கடை மாடியில். விதிப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தான். “இதிலை ஒரு உட்பிரிவு கிடக்கு. தெய்வ சம்பந்தமான விரதம் எடுத்த ஆளுக்கு அறுபத்தஞ்சு பொருந்தாது. பிரசிடென்டின்ரை மச்சானுக்காண்டிப் போட்டது. அவர் பந்தே ஆடுறேல்லை, எண்டாலும் போட்டு வைச்சிருக்கினம். நீ பிரமச்சரிய விரதம் எண்டு ஒரு கடிதம் தா. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

“அப்ப நீயும் விரதம் எடுத்துக்கிறியா?”

“ரண்டு பேரும் ஒரேயடியா எடுத்தால் ஆக்கள் கதைப்பினம். நான் காரியதரிசி. எனக்குத் தை மாசம் வரையும் தவணை தந்திருக்கு. பிறகு பாப்பம்.”

இவன் எனக்காக விதிப் புத்தகம் முழுக்கப் படித்திருக்கிறானே என்று வேலாயுதம் உருகிப் போனான். தை மாசத்துக்குப் பிறகு என்ன பார்ப்பான் என்று கேட்கத் தோன்றவில்லை.

விரதம் தடபுடலாக ஏற்கப்பட்டது. தலைவர் வேலாயுதத்தின் நெற்றியில் திருநீறு பூசினார், பூட்ஸுக்கும் பூசினார். ஆகார உபகுழு வெங்காயம், பூண்டு, முட்டை, முருங்கைக்காய் நான்கையும் தடை செய்தது. முருங்கைக்காயைப் பற்றிய விவாதம் மட்டும் ஒன்றரை மணி நேரம் நடந்தது. அங்கத்தவர்கள் தங்கள் சொந்த அனுபவங்களை எடுத்துச் சொன்னார்கள். அது முதல் பக்கிரிசாமி தினமும் மத்தியானம் வந்து வேலாயுதத்தின் சாம்பாரைக் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதோடு விட்டார்களா? வாசகசாலை மண்டபத்தில் ‘புலனடக்கம்’ என்ற தலைப்பில் அவனைப் பேச வைத்தார்கள். முந்நூறு பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் தாய்மார்கள், பக்கத்தில் இழுத்து வைத்த மகன்மார்கள். வேலாயுதம் எழுந்து நின்றான். பந்து இல்லாமல் இத்தனை பேருக்கு முன்னால் அவன் நின்றதே இல்லை. பொய் சொல்லவும் அவனுக்கு வராது.

“நான்... நான் இதுவரைக்கும் ஒரு பொம்பளையையும் மனசால நெனச்சது இல்லீங்க,” என்றான். “அதுக்குன்னு கஷ்டமெல்லாம் படலீங்க. தானா வந்திருச்சு.”

உட்கார்ந்துவிட்டான்.

மண்டபம் அதிர்ந்தது. தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் எழுந்து அவனைக் கும்பிட்டார். கனகசபை எழுந்தார். “இருபத்தாறு வயசிலை இப்பிடி ஒரு பிள்ளை! நான் இருபத்தாறு வயசிலை...” என்று தொடங்கியவர், சபையைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார், வேறு விஷயத்துக்குப் போனார்.

அந்த ஞாயிறு இதைச் சொல்லிச் சொல்லி இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “தானா வந்திருச்சோ?” என்று வீரசிங்கம் கேட்டுக் கேட்டு, சிரிப்பை அடக்கத் தலையணையில் முகத்தைப் புதைத்தான். சாயங்கால ரயிலுக்கு நேரமாகும்வரை வேலாயுதம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஒருவன் இருக்கிறவரை சங்கம் என்னை என்ன வேஷம் கட்டச் சொன்னாலும் கட்டுவேன் என்று நினைத்தான். முட்டாள்தனமான நினைப்புத்தான். அவனுக்கு அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

விரதக்காரனின் இடது கால் அந்தப் பருவம் முழுக்கப் பேசியது. சங்கம் மறுபடி வெள்ளிக் கோப்பை இறுதியாட்டத்துக்கு வந்தது. ஆட்டம் சனிக்கிழமை, கிள்ளான் படாங்கில். அதற்கு முந்தின திங்கட்கிழமை மொட்டைக் கடிதம் ஒன்று வந்து சேர்ந்தது.

இங்கே சங்கத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சன்மார்க்கச் சங்கத்தில் எந்தக் கடிதமும் மூலத்தில் வாசிக்கப்படாது. முப்பத்தோராம் விதிப்படி காரியதரிசி அதை நல்ல காகிதத்தில், நல்ல கையெழுத்தில், வேண்டாததை நீக்கிச் சுத்தப் பிரதி எடுப்பார். மூலத்தைத் தலைவர் பார்த்த பிறகு எரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு சுத்தப் பிரதியில் இருப்பதுதான் நடந்தது, அதில் இல்லாதது நடக்கவில்லை. கனகசபை தம் உத்தியோகக் காலம் முழுவதையும் இப்படித்தான் நடத்தினார். ஒரு குறையும் வரவில்லை. வந்த குறைகள் பிரதியில் ஏறவில்லை.

புதன்கிழமை ஐந்து மணிக்குக் கமிட்டி கூடியது. வேலாயுதத்தையும் வரச் சொல்லியிருந்தார்கள். இறுதியாட்டத்துக்கு மாலை போடுவார்கள் போலிருக்கிறது என்று அவன் தலையை நன்றாக வாரிக்கொண்டு வந்தான். முதல் விடயம் சனிக்கிழமைத் தேநீர். இரண்டாவது மாலை. மூன்றாவது தலைவரின் நாற்காலியை வெயில் படாமல் எங்கே போடுவது என்பது. நான்காவதற்கு வந்ததும் கனகசபை குரலைத் தாழ்த்தினார்.

“பெண்டுகள் ஆரும் நிக்கினமோ?”

சங்கக் கட்டடத்துக்குள் எந்நாளும் பெண்கள் வந்ததில்லை. ஆனாலும் ஒருவர் எழுந்து போய்ப் பின்கட்டு வரை பார்த்துவிட்டு வந்து, இல்லை என்றார். ஜன்னல்கள் சாத்தப்பட்டன. காரியதரிசி வீரசிங்கம் எழுந்து, ஏற்ற இறக்கமில்லாத குரலில் சுத்தப் பிரதியை வாசித்தான்.

“‘நமது அணியைச் சேர்ந்த வேலாயுதம் என்பவரும் மற்றுமொரு நபரும், ஞாயிறுதோறும் கிள்ளான் ஆற்றங்கரைக் காப்பிக்கடை மாடியில் ஓர் அறையில் கூடி, சங்கத்தின் அறுபத்தைந்து விதிகளில் எதிலும் குறிப்பிடப்படாத விதமாகப் பழகி வருவதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்.’”

வேலாயுதத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு அந்தக் காகிதத்தின் மேல் கண் போயிற்று. பின்பக்கமாகத் தெரிந்த அந்த எழுத்தை அவனுக்குத் தெரியும். ‘ஞாயிறு காலமை வாறன்’ என்று எத்தனையோ துண்டுக் காகிதத்தில் வந்த அதே முத்து எழுத்து. அந்தக் கைதான் இன்றைக்கு அவன் பேரை எழுதியிருந்தது. தன் பேரை எழுதவில்லை.

“அந்த மத்த ஆளு பேரு கடுதாசியில போடலீங்களா?” என்று கேட்டான். அவன் கேட்டது வீரசிங்கத்தை. பதில் சொன்னது பக்கிரிசாமி.

“போடாம என்னப்பா? ரெண்டு பேரும் இருந்துச்சே! நாந்தான பிரிச்சேன். ஒண்ணு நீயி, இன்னொண்ணு நம்ம வீ...”

கனகசபை மேசையில் ஓங்கி அறைந்தார். மைக்கூடு துள்ளியது.

“பொருளாளர்! நீர் மூலத்தை வாசிச்சனீரோ?”

“தபாலு என் கடைக்குத்தாங்க வருது. பிரிச்சா கண்ணுல படுது...”

“முப்பத்தோராம் விதி என்ன காணும் சொல்லுது? மூலம் எண்டது ஆத்திரத்திலை எழுதுறது. அதிலை உண்மை கிண்மை எல்லாம் கலந்திருக்கும். சுத்தப் பிரதி நிதானத்திலை எழுதுறது. இருபத்தெட்டு வருஷத்திலை, மூலத்தை நம்பின கிளார்க்கர் ஒருத்தன் பென்சன் எடுத்து நான் காணேல்லை. காரியதரிசி, மூலம் எங்கை?”

“விதிப்படி எரிச்சாச்சு, ஐயா.”

“அப்ப பொருளாளர் ஒண்டும் வாசிக்கேல்லை எண்டு எழுதும்.”

எழுதப்பட்டது. பக்கிரிசாமி தாம் வாசிக்காததற்கு வருத்தம் தெரிவித்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்து, மற்றுமொரு நபர் இச்சங்கத்தின் அங்கத்தவர் அல்லர் என்று தீர்மானம் வந்தது. யாரென்றே தெரியாதவரை அங்கத்தவரல்லர் என்று எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்டார். அங்கத்தவராக இருந்தால் யாரென்று தெரிந்திருக்கும் அல்லவா என்றார் தலைவர். கேட்டவர் தெளிவு பெற்றார்.

“இந்த நேரத்திலை சபைக்கு ஒரு சந்தோஷச் செய்தியும் சொல்ல வேணும்,” என்று கனகசபை தொடர்ந்தார். “தை மாசம் என்ரை மகள் குணேஸ்வரிக்குக் கலியாணம். மாப்பிள்ளை எங்கடை காரியதரிசி. போன மாசமே நிச்சயம் பண்ணியாச்சு. ஆனபடியால் காரியதரிசியைப் பற்றி ஆரும் ஏதும் நினைச்சால், அது என்னைப் பற்றி நினைச்ச மாதிரி. என்னைப் பற்றி ஆரும் நினைக்கிறதில்லை.”

போன மாதம். போன மாதம் நாலு ஞாயிறு. நாலு ஞாயிறும் அவன் வந்தான், சிரித்தான், தலையணையில் முகம் புதைத்தான்.

“மிஸ்டர் வேலாயுதம், உமக்கு ஏதும் சொல்ல இருக்கோ? பேர் ஊர் ஒண்டும் வராமல் சொல்லும்.”

சொல்லலாம். ஒரே ஒரு பேர். சொன்னால் அரசாங்க உத்தியோகம் போகும், குணேஸ்வரி போவாள், கனகசபையின் இருபத்தெட்டு வருஷமும் நாறிப்போகும். வாய் வரை வந்தது. அவன் வீரசிங்கத்தைப் பார்த்தான். வீரசிங்கம் பேனாவை மையில் தோய்த்து, அடுத்த வரிக்குத் தயாராகக் காகிதத்தின் மேல் பிடித்திருந்தான். அவன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும், எல்லாப் பழியையும் வேலாயுதம் சந்தோஷமாகவே தலையில் தூக்கிக்கொண்டு போயிருப்பான். நிமிரவில்லை.

“ஒண்ணுமில்லீங்க,” என்றான்.

“‘ஒன்றுமில்லை என ஒப்புக்கொண்டார்’ எண்டு எழுதும்,” என்றார் தலைவர்.

நீக்கல் தீர்மானத்தை யார் கொண்டு வருவது? நாற்பதாம் விதிப்படி, நீக்கப்படுபவரை நன்கு அறிந்த ஒருவர் முன்மொழிய வேண்டும். நன்கு அறிந்தவர் என்று காட்டிக்கொள்ள யாருக்கும் துணிச்சல் வரவில்லை. தலைவர் சுற்றிப் பார்த்தார். சுவர்க்கடிகாரம் ஆடிக்கொண்டிருந்தது.

“நான் முன்மொழியிறன்,” என்றான் வீரசிங்கம். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே எழுதிக்கொண்டான்.

வேலாயுதத்துக்கு நெஞ்சில் யாரோ பூட்ஸ் காலோடு மிதித்தது போலிருந்தது. அவமானம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு வருஷமாக ஒரு மனிதனை நம்பியிருந்தேனே என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறப் போகும் சமயத்தில் பக்கிரிசாமி தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

“ஐயா, எல்லாம் சரிதாங்க. சனிக்கிழமை பைனலு. இவன் இல்லாட்டி கோலு யாருங்க போடுறது?”

சபை திடுக்கிட்டது. ஒழுக்கத்தில் மூழ்கியிருந்ததால் யாருக்கும் கோப்பை ஞாபகம் இல்லை. அரைமணி நேரம் ஆலோசித்தார்கள். கடைசியில் கனகசபை தம் அனுபவம் அத்தனையையும் திரட்டி ஒரு திருத்தம் சொன்னார். நீக்கம் சனிக்கிழமை கடைசி விசில் ஊதும் வினாடியிலிருந்து அமலுக்கு வரும். கூடுதல் நேரம் ஆட நேர்ந்தால் வேலாயுதத்தின் நன்னடத்தையும் அது முடியும்வரை நீடிக்கும்.

“எங்கடை சங்கம் ஒருத்தரையும் அவசரப்பட்டுத் தண்டிச்சதில்லை,” என்று முடித்தார்.

அவன் சனிக்கிழமை போகாமல் இருந்திருக்கலாம். போனான். வீரசிங்கம் வியாழன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவான் என்று பார்த்தான், வெள்ளி பார்த்தான். கடைக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்ட போதெல்லாம் எழுந்து நின்றான். ஒன்றும் வரவில்லை. படாங்கிலாவது தொண்ணூறு நிமிஷம் அவனோடு ஒரே பக்கத்துக்கு ஆடலாம் அல்லவா?

காப்பாரிலிருந்து லோரி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், துறைமுகத்து ஆட்கள் சைக்கிளில் வந்திருந்தார்கள். வேலாயுதம் வெறி பிடித்தவன் மாதிரி ஆடினான். ஆறு தடவை அடித்தான், ஆறும் தப்பியது. கடைசிக் கால்மணியில் மூன்று பேரைத் தாண்டி, நாலாவது ஆளையும் தாண்டி, இடது காலால் வலையின் மூலையில் ஏற்றினான். படாங்கே எழுந்து நின்றது. பழக்க தோஷத்தில் திரும்பி எதிர்க்கோடியில் தங்கள் கோலைப் பார்த்தான். எந்தக் கோல் போட்டாலும் அங்கிருந்து ஒரு கை உயரும். இன்றைக்கும் உயர்ந்தது. பாதியில் ஞாபகம் வந்து இறங்கிக்கொண்டது.

கடைசி விசில் ஊதியது, கோப்பை சங்கத்துக்கே. தலைவர் நிழலில் இருந்த நாற்காலியிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஆறு மணி இரண்டு நிமிஷம். ஒழுக்கம் அமலுக்கு வந்தது.

வீரசிங்கம் கோல் கம்பத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த கோட்டிலிருந்து நீக்கல் கடித உறையை எடுத்துக்கொண்டு வந்தான். ஆட்டம் முழுக்க அந்தக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கோல் காத்திருக்கிறான்.

“இதிலை ரண்டு பிரதி. ரண்டிலும் கையெழுத்து வேணும்,” என்றான், யாருக்கோ சொல்வது போல. “ஜெர்சியும் பூட்ஸும் சங்கத்தின்ரை சொத்து. இப்பவே ஒப்படைக்க வேணும்.”

கால்சட்டையைப் பற்றி உபகுழு ஒரு முடிவுக்கு வர முடியாததால் அது அவனிடமே விடப்பட்டது. வேலாயுதம் ஜெர்சியைக் கழற்றினான். பூட்ஸைக் கழற்றி ஜோடி சேர்த்து வைத்தான். வாங்கிக்கொள்ளக் குனிந்த வீரசிங்கம் குனிந்தபடியே மெல்லப் பேசினான்.

“வேலா, என்னை விளங்கிக்கொள். எனக்கு வேறை வழி இல்லை. நீ பேர் சொல்லாமல் விட்டதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். கொஞ்ச நாள் போகட்டும். கலியாணம் முடிஞ்சால் ஒருத்தரும் சந்தேகப்படமாட்டினம். பிறகு முந்தின மாதிரி ஞாயிறிலை...”

“யாரு வருவா?” என்றான் வேலாயுதம். “நீ வருவியா, மற்றுமொரு நபரா?”

வீரசிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தான்.

“சத்தம் போடாதை. ஆக்கள் பாக்கினம்.”

“நான் உன்ன நம்புனேன் சிங்கம். இந்தச் சங்கத்த நான் என்னைக்குமே நம்பல. உன்னத்தான் நம்புனேன்.”

வேலாயுதம் பேனாவை வாங்கினான். இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டான். வீரசிங்கம் மை காயும்படி ஊதிவிட்டு, ஒன்றை அவனிடம் கொடுத்தான், மற்றதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். தூரத்தில் புகைப்படக்காரன் எல்லோரையும் கூப்பிட்டான். பூட்ஸையும் ஜெர்சியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீரசிங்கம் அந்தப் பக்கம் ஓடினான்.

வேலாயுதம் வெற்றுடம்போடு நின்றான். எங்கே போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த அறை ஆறு மணி இரண்டு நிமிஷத்தோடு போய்விட்டது. ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்றுகூட ஒரு கணம் தோன்றவில்லை.

அதற்குள் கயிற்றைத் தாண்டிக் கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. காப்பார் ஆட்கள் முன்னால். “அந்தா நிக்கிறாருலா! தூக்கு, தூக்கு!” அவன் வேண்டாம் என்று கையை ஆட்டினான். யார் கேட்டது? முப்பது கைகள் அவனைத் தூக்கித் தோளில் வைத்தன. அவன் அழுதுகொண்டிருந்தான், மூக்கு ஒழுக, பிள்ளை மாதிரி. “சந்தோஷத்துல அழுறாருடா, பாருடா!” என்று கீழே ஒருவன் கத்தினான், கத்தியவனும் அழுதான். “வேலாயுதம்! வேலாயுதம்!”

ஊர்வலம் நேராகக் கமிட்டியின் முன்னால் போயிற்று. கனகசபைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீக்கப்பட்டவரைத் தோளில் சுமந்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. ஐயாயிரம் பேர் கைதட்டினார்கள். முதலில் பக்கிரிசாமி தட்டினார். பிறகு தலைவர் எழுந்து நின்று, முறையாக, மெல்லத் தட்டினார். கமிட்டி முழுவதும் எழுந்து தட்டியது.

வேலாயுதம் மேலேயிருந்து குனிந்து பார்த்தான். புகைப்படத்துக்காக நின்ற வரிசையில் வீரசிங்கமும் தட்டிக்கொண்டிருந்தான். ஜெர்சியையும் பூட்ஸையும் கீழே வைத்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்து, மற்றவர்கள் தட்டிய அதே அளவுக்குத் தட்டினான். அவர்கள் நிறுத்தியபோது அவனும் நிறுத்தினான்.